வெண்டலின் நாணல்

பள்ளத்தாக்குக்குள் இறங்கிப்போகும் பாதை முக்கால் மைல் நீளம். வெண்டல் அதை இருபத்தாறு வருடங்களாக ஒரு நாளைக்கு இரண்டு தடவை நடக்கிறார். காலை பத்து மணிக்கு ஒரு சுற்றுலாக் கூட்டம், மத்தியானம் இரண்டு மணிக்கு ஒரு கூட்டம். அத்தனை நடையையும் ஒரே திசையில் நடந்திருந்தால் இந்நேரம் உலகத்தில் முக்கால்வாசியைச் சுற்றியிருப்பார். அவரோ ஒவ்வொரு தடவையும் அதே பாறைச் சுவருக்கு அடியில் போய் நின்று, அதே இடத்தில் தொப்பியைக் கழற்றி, அதே வாக்கியங்களைச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிடுவார். அதில் அவருக்குச் சலிப்பு வந்ததாக யாரும் பார்த்ததில்லை.

அவருடைய முழுப் பெயரைப் படித்து முடிப்பதற்குள் வருகிறவர்களுக்கு மூச்சு வாங்கும் என்று, சட்டையில் குத்திய தகட்டில் வெண்டல் என்பதோடு நிறுத்திவிட்டார்கள். வயது ஐம்பத்தேழு. கொஞ்சம் தொப்பை, நிறையப் பொறுமை. பொறுமை வழிகாட்டி வேலைக்கு ரொம்பவே வேண்டும். ஆறு குடைந்துவிட்டுப் போன அந்தச் செம்பாறையின் மேல்தோல் வெயிலிலும் மழையிலும் கறுத்துப் போயிருக்கிறது. எண்ணூறு வருடங்களுக்கு முன்னால் அங்கே வீடு கட்டிச் சோளம் விதைத்தவர்கள், கெட்டிக் கல்லால் அந்தக் கறுப்பைக் கொத்தி எடுத்து உருவங்கள் போட்டிருக்கிறார்கள். மலையாடு, கைத்தடம், பல்லி, பெரிய சுருள். வருகிறவர்கள் பல்லியைக் காட்டி, வேற்றுக்கிரகத்து ஆளா என்று கேட்பார்கள். "இல்லைங்க, பல்லி" என்பார் வெண்டல். சுருளைக் காட்டி, அப்போதே வைஃபை இருந்ததா என்று கேட்டுவிட்டுத் தங்கள் ஜோக்குக்குத் தாங்களே சிரிப்பார்கள். அந்த ஜோக்கை உலகத்தில் முதன்முதலாகச் சொல்வது தாங்கள்தான் என்று ஒவ்வொருவருக்கும் நினைப்பு. வெண்டலும் முதன்முதலாகக் கேட்பதுபோலவே சிரித்துவைப்பார்.

கடைசியில், இரண்டு ஆள் உயரத்தில் இருக்கும் ஓர் உருவத்துக்கு நேர் கீழே வந்து நிற்பார். ஒரு முழ உயரத்துக்கு நேரான தண்டு. இரண்டு பக்கமும் மும்மூன்று இலைகள். அங்கேதான் தொப்பி கழலும்.

"இது நாணல். எங்க குலத்தோட அடையாளம். எங்க அம்மா வழி ஆளுங்க இங்கதான் இருந்தாங்க. கிளம்பிப் போறப்ப, நாங்க இருந்தோம்னு இதைக் கொத்தி வெச்சிட்டுப் போனாங்க."

இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் கொஞ்சம் இறங்கும். ஆட்கள் செல்போனைக் கீழே இறக்கிவிட்டு அவர் முகத்தைப் பார்ப்பார்கள். பிறகு யாராவது ஒருவர், தண்டுக்கு வலது பக்கத்தில் விரல் நீளத்துக்கு இருக்கும் ஒரு திட்டைக் காட்டி, அது என்ன என்று கேட்பார்.

"துப்பாக்கிக் குண்டுங்க. நூறு வருஷத்துக்கு முன்னாடி மாடு மேய்க்க வந்தவங்க, குறி பாத்துப் பழகியிருக்காங்க."

கூட்டம் மொத்தமும் உச்சுக் கொட்டும். செத்துப்போன மாட்டுக்காரர்கள் எழுந்து வந்து மறுக்கவா போகிறார்கள்.

இந்த நாணல் வெண்டலுக்கு ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்பதைச் சொல்லியாக வேண்டும். அமெரிக்கப் பழங்குடிகளான ஹோப்பிகளுக்குக் குலம் என்பது அம்மா வழி. வெண்டலின் அம்மா நாணல் குலம். அம்மாவுக்கு நான்கு பிள்ளைகள், நான்கும் ஆண். அதாவது குலக்கணக்கில் பார்த்தால் அந்த வீட்டுக்கு வாரிசே இல்லை. நான்கு பேரும் கல்யாணம் செய்துகொண்டு நான்கு பெண்டாட்டிகளின் வீட்டுக்குப் போனார்கள். பிறந்த குழந்தைகள் அந்தந்த அம்மாவின் குலத்தில் சேர்ந்துகொண்டன. வெண்டலின் இரண்டு பெண்களும் அவர் மனைவி ரொவீனாவைப் போலப் புகையிலைக் குலம். அம்மா போனதிலிருந்து தட்டைக்குன்றின் மேலே ஊருக்குள் இருக்கும் நாணல் குலத்து வீடு பூட்டிக் கிடக்கிறது. அண்ணன்மார் மூவரும் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். அந்த ஊரில் இன்றைக்கு நாணல் என்றால் வெண்டல்தான். அவருக்குப் பிறகு நாணல் என்றால் ஆற்றங்கரையில் முளைப்பது மட்டும்தான்.

அதனால்தான் அந்தப் பாறை. வீட்டைப் பூட்டிவிட்டாலும் பாறையை யாரும் பூட்ட முடியாது என்று அவருக்கு ஒரு தெம்பு. இதை அவர் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ரொவீனாவுக்குத் தெரியும்.

அப்பா வழி சோளக் குலம், மக்காச்சோளம்தான். அங்கே ஆள் பஞ்சமே கிடையாது. அப்பாவின் தங்கை ஆர்லெட்டா அத்தைக்கு மட்டும் பிள்ளைகள் ஏழு, பேரன் பேத்திகள் இருபத்தொன்பது. போன ஜனவரியில் எண்ணியது, இப்போது கூடியிருக்கும். மருமகனை அத்தைமார் விடாமல் கேலி செய்ய வேண்டும் என்பது அந்த ஊர் முறை. செய்யாவிட்டால் பையன் மேல் பிரியம் இல்லை என்று ஊர் பேசும். ஆர்லெட்டா அத்தையைப் பற்றி அப்படி ஒரு பேச்சு இன்றுவரை வந்ததில்லை.

வெண்டல் பிறந்த இருபதாம் நாள், யூக்கா என்னும் பாலைச் செடியின் வேர் நுரையில் அவர் தலையை அலசிச் சோளத்தோகையின் பெயரை வைத்தவர் இந்த அத்தைதான். இவ்வளவு பெரிய தலையில் எவ்வளவு பெரிய பேரும் தொலைந்துபோய்விடும் என்று அன்றைக்கே ஆரம்பித்துவிட்டார். பத்து வயதில் வெண்டல் முதன்முதலாக ஒரு முயலை அடித்து, முறைப்படி அத்தையிடம் கொண்டுபோய்க் கொடுத்தபோது, அதை வாலைப் பிடித்துத் தூக்கிப் பார்த்து, "முயலா இது? உன் பழைய காலுறைன்னு நெனச்சேன்" என்றார். ஆனாலும் அன்று மாலையே ஒரு கூடை மாவு வீட்டுக்கு வந்தது. மருமகன் கொடுத்ததற்கு அத்தை பதில் செய்யாமல் இருக்கக்கூடாது. கல்யாணத்தின்போது மற்ற அத்தைமார்களைத் திரட்டிக்கொண்டு வாளி வாளியாகச் சேற்றோடு வந்தார். "என் ஆசை மருமகனை இந்த ஒண்ணரைக் கண்ணி மயக்கிட்டா. மாவு அரைக்கத் தெரியுமா இவளுக்கு? நான் கட்டிக்க வெச்சிருந்தவன்" என்று வாசலில் நின்று கத்திவிட்டு, சேற்றை அள்ளி எல்லார்மேலும் வீசினார். சொந்த அண்ணனான வெண்டலின் அப்பாவுக்குத்தான் அதிகம் விழுந்தது. அந்த வருடம் நடந்த கல்யாணங்களிலேயே தன் கல்யாணத்தில்தான் சேறு அதிகம் என்று வெண்டலுக்கு இன்றும் உள்ளூர ஒரு கர்வம் உண்டு.

போன மே மாதம் வம்பு வேறு ரூபத்தில் வந்தது.

பாறைக்கு எதிரே இருந்த பழைய அறிவிப்புப் பலகை வெயிலில் வெளுத்து எழுத்தே தெரியாமல் போய்விட்டது. புதிதாக உலோகத்தில் வார்த்து வைக்கலாம் என்று மேலிடத்தில் முடிவானது. உலோகம் என்றால் ஐம்பது வருடம் நிற்கும். அதில் என்ன எழுதுவது என்று பார்க்கும் பொறுப்பு இங்க்ரிட் என்ற இளம் தொல்லியல்காரிக்கு வந்தது. வேலைக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகிறது. எதையும் இரண்டு தடவை கேட்டு, மூன்று தடவை எழுதிவைத்துக்கொள்ளும் பெண். வெண்டல் சொல்வதை மட்டும் வைத்து எழுதுவது முறையில்லை, ஊர்ப் பெரியவர்களையும் அழைத்துக் காட்டிக் கேட்கலாம் என்றாள். நியாயமான பேச்சுதான். ஒரு சிறிய பேருந்தில் ஏழு பெரியவர்கள் வந்து இறங்கினார்கள். ஆறு பேர் இறங்கியபோது வெண்டலின் முகத்தில் இருந்த சிரிப்பு, ஏழாவதாக ஆர்லெட்டா அத்தை கைத்தடியோடு இறங்கியதும் உஷாராகிவிட்டது.

"அங்க படி இருக்கு அத்தை. கையைக் குடுங்க."

"எழுபத்தொன்பது வருஷமா கல்லு மேல நடக்கறவளுக்குப் படி காட்டுறியா? கையைப் புடிச்சா ரொவீனா மறுபடி கோவிச்சுக்குவா. அவகிட்ட இருந்து அவ்வளவு சீக்கிரம் உன்னை மீட்க முடியாது."

சொல்லிக்கொண்டே கையைப் பிடித்துக்கொண்டார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் இறுக்கமாகவே பிடித்தார். வெண்டல் அதைக் கவனிக்கவில்லை.

பாறைக்கு அடியில் மடக்கு நாற்காலிகள் போட்டு எல்லாரையும் உட்கார வைத்தார்கள். ஆளுக்கொரு காபி. இங்க்ரிட் கையில் இருந்த தாளைப் பார்த்து ஒவ்வோர் உருவமாகப் படித்தாள். பெரியவர்கள் தலையாட்டினார்கள், அல்லது பக்கத்தில் இருப்பவரோடு ஹோப்பியில் ஏதோ பேசிவிட்டுச் சொல்ல மாட்டோம் என்றார்கள். சொல்லக்கூடாதவை சில உண்டு. இங்க்ரிட் அதையும் எழுதிக்கொண்டாள்.

"பதினேழாவது உருவம். நேரான தண்டு, ரெண்டு பக்கமும் இலை, வலது பக்கத்துல ஒரு சின்னத் திட்டு. நாணல் குலம்னு வெண்டல் சொல்லியிருக்கார். யாருக்காவது வேற கருத்து இருக்கா?"

அத்தை தலையைச் சாய்த்து மேலே பார்த்தார்.

"வலது பக்கத்துல என்னமோ இருக்குன்னியே, என்னம்மா அது?"

"ஒரு திட்டுங்க. விரல் நீளம் இருக்கும்."

"தண்டை ஒட்டியா, தள்ளியா?"

"ஒட்டித்தான் இருக்கு. மேல பாத்த மாதிரி."

அத்தை காபியைக் கீழே வைத்தார். "ஏண்டா மருமகனே, நாணல்ல தண்டு ஓரத்துல கதிர் புடிச்சு எங்கடா பாத்தே? உங்க அம்மா வீட்டு நாணல் மட்டும் அப்படிக் காய்க்குமா? இது எங்க சோளம்டா. எங்க கொல்லையில நின்னுக்கிட்டு, இருபத்தாறு வருஷமா உங்க வீடுன்னு ஊரையே கூட்டி வந்து காமிச்சிருக்கே."

ஆறு பெரியவர்களும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "காவலுக்கு நல்ல ஆளாத்தான் வெச்சிருக்கே ஆர்லெட்டா" என்றார்.

"அது துப்பாக்கிக் குண்டு அத்தை."

"ஆமா. சோளக்கொல்லையில காக்கா ஓட்டினப்ப பட்டிருக்கும்."

மத்தியானச் சாப்பாட்டில் அவித்த சோளம் இருந்தது அத்தைக்கு ரொம்ப வசதியாகப் போய்விட்டது. ஒரு கதிரை எடுத்து வெண்டலின் தட்டில் வைத்து, "எடுத்துக்கோப்பா, நாணல் நல்லா வெந்திருக்கு" என்றார். பேருந்து கிளம்பும்போது ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, கொல்லையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். வெண்டலும் எல்லாரோடும் சேர்ந்து சிரித்தார். அத்தையின் கேலிக்குச் சிரிக்காத மருமகன் எங்கே இருக்கிறான்.

மறுநாள் காலைக் கூட்டம். வழியில் ஓரிடத்தில் யாரோ பாறையில் 1911 என்று கீறிவைத்திருக்கிறார்கள். அங்கே நின்று பழசையும் புதுசையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்று சொல்லிக்கொடுப்பது வெண்டலின் வழக்கம்.

"இதைப் பாருங்க. கீறி நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னும் பல்லு மாதிரி வெள்ளையா இருக்கு. ரொம்பப் பழசுன்னா இப்படி இருக்காது. மேல்தோல் மறுபடி கறுக்க ஆரம்பிச்சு மங்கிப் போயிருக்கும். கண்ணை ஏமாத்தலாம், நிறத்தை ஏமாத்த முடியாது."

இதையும் இருபத்தாறு வருடங்களாகச் சொல்கிறார். அப்புறம் நடந்துபோய் நாணலுக்குக் கீழே நின்று, தொப்பியைக் கழற்றி, மேலே பார்த்தார். தண்டு மங்கலாக இருந்தது. இலைகள் மங்கலாக இருந்தன. வலது பக்கத்துத் திட்டும் அதே மங்கலில் இருந்தது. குண்டு பட்டிருந்தால் கல் சிதறியிருக்க வேண்டும், 1911 மாதிரி வெளுத்திருக்க வேண்டும். ஊருக்கெல்லாம் வாத்தியார் வேலை பார்த்த மனுஷன், தன் வீட்டுச் சுவரை மட்டும் பார்க்காமல் விட்டிருக்கிறார்.

"அப்புறம்?" என்றார் கூட்டத்தில் ஒரு பெண்.

வெண்டல் தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டு, பல்லியைப் பற்றி இன்னொரு தடவை சொன்னார். இருபத்தாறு வருடத்தில் நாணலைப் பற்றி அவர் சொல்லாமல் விட்டது அன்றைக்குத்தான்.

இரண்டு மணிக் கூட்டத்தை அனுப்பிவிட்டுத் தொலைநோக்கியோடு திரும்பி வந்தார். சாய்ந்த வெயில் பாறையைத் தடவிக்கொண்டு போகிற நேரம், அப்போதுதான் கொத்தின குழிகள் தெளிவாகத் தெரியும். திட்டுக்குள் சின்னச் சின்னப் புள்ளிகள், வரிசை வரிசையாக. நான்கு வரிசை. சோளம் உரித்த கைகள் யாருக்கு இருந்தாலும் அது என்னவென்று தெரிந்துவிடும். குண்டு என்று தனக்கு யார் சொன்னது என்று யோசித்துப் பார்த்தார். யாரும் சொல்லவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் யாரோ கேட்க, வாய்க்கு வந்ததை அவரே சொன்னதுதான். அதற்குப் பிறகு அவர் அந்தத் திட்டைப் பார்க்கவே இல்லை, சொல்ல மட்டும் செய்தார்.

பலகைக்கான வாசகம் வார்ப்புக்குப் போக இன்னும் இரண்டு வாரம் இருந்தது. அத்தை சொன்னதைக் கேலி என்று எல்லாரும் எடுத்துக்கொண்டாயிற்று. இங்க்ரிட் கடைசியாகக் கேட்கப்போவது அவரிடம்தான். அவர் தலையாட்டினால் போதும், இன்னும் ஐம்பது வருடத்துக்கு அது நாணல். வீடு இடிந்தாலும், அவரே போய்ச் சேர்ந்தாலும், அங்கே ஒரு நாணல் நிற்கும்.

மூன்றாம் நாள் ரொவீனா ஆட்டிறைச்சிக் குழம்புத் தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"ஊரே சிரிக்குது, நாணலோ சோளமோ எனக்குத் தெரியாது. நேத்து குழம்புல உப்பே போடல, நீ பாட்டுக்குச் சாப்பிட்டுட்டு எழுந்து போயிட்டே. இன்னைக்கு ரெண்டு தடவை போட்டிருக்கேன். இப்பவாச்சும் ஏதாவது சொல்லு."

வெண்டல் ஒரு வாய் எடுத்துவைத்துவிட்டுத் தண்ணீரைத் தேடினார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். ரொவீனா குழம்பில் வெந்நீர் ஊற்றிக் கலக்கிக்கொண்டே கேட்டாள். கடைசியில், "அந்த நாலு வரிசையை நீ பாக்காம இருந்திருந்தா சரி. பாத்துட்டே. இனிமே அங்க போய்த் தொப்பியைக் கழட்டுறப்ப உனக்கே சிரிப்பு வந்துடும்" என்றாள். அவருக்கும் அது தெரிந்துதான் இருந்தது.

மறுநாள் இங்க்ரிடிடம் போய், பதினேழாவது உருவம் சோளக் குலத்துடையது என்று எழுதச் சொன்னார்.

"நிச்சயமா? உங்க அத்தை சும்மா விளையாட்டுக்குச் சொல்றாங்கன்னு நெனச்சேன்."

"விளையாட்டுக்குத்தான் சொன்னாங்க. ஆனா அதான் நெஜம். குண்டுன்னு நான் சொன்னதுதான் தப்பு."

இங்க்ரிட் ஒரு தாளில் அதை எழுதி நீட்டினாள். வெண்டல் கையெழுத்துப் போட்டார். பேனா நன்றாகத்தான் எழுதியது, அவர்தான் இரண்டு தடவை உதறினார்.

அத்தையிடம் நேரில் சொல்லாமல் இருக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு மேலே ஊருக்குப் போனார். அத்தை பீக்கி என்ற மெல்லிய ரொட்டி சுடும் அறையில், காய்ந்த கருங்கல்லுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். நீலச்சோள மாவைக் கையில் வாரிக் கல்லில் ஒரே இழுப்பாகத் தேய்த்து, காகிதம் போல உரித்து எடுத்துச் சுருட்டிவைத்துக்கொண்டிருந்தார். அந்தச் சூட்டில் கையை வைக்க வேறு யாராலும் ஆகாது.

"யாரது? நடையைப் பாத்தா எங்க கொல்லைக் காவல்காரன் மாதிரி இருக்கே."

வெண்டல் உட்கார்ந்தார். சுற்றி வளைக்காமல் சொன்னார். திட்டின் நிறம், நான்கு வரிசைப் புள்ளிகள், கையெழுத்துப் போட்ட தாள் எல்லாவற்றையும் சொன்னார். "நீங்க சொன்னது சரி அத்தை. அது உங்களோடது. பலகையில சோளக் குலம்னுதான் வரும்" என்று முடித்தார்.

அத்தையின் கை கல்லுக்கு மேலேயே நின்றுவிட்டது. கல்லில் இருந்த பீக்கி கருகி நாறத் தொடங்கிய பிறகுதான் உரித்துப் போட்டார்.

"நான் எங்கடா பாத்தேன்?" என்றார் மெதுவாக.

"என்ன அத்தை?"

"ரெண்டு கண்ணுலயும் புரை. ரெண்டு வருஷமா இருக்கு, பசங்ககிட்ட சொல்லல. சொன்னா பீக்கிக் கல்லுகிட்ட விடமாட்டாளுங்க. அன்னைக்கு எனக்கு அந்தப் பாறையே செவப்பா ஒரு துணி தொங்கற மாதிரிதான் தெரிஞ்சுது. அந்தப் பொண்ணு திட்டு இருக்குன்னா. அண்ணன் மகனை எதிர்ல வெச்சுக்கிட்டு அத்தைக்காரி வாயை மூடிக்கிட்டா இருப்பா? வாய்க்கு வந்ததைச் சொன்னேன். உன்னைக் கொஞ்சம் சீண்டலாம்னு. அதுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுட்டு வந்திருக்கியே, மண்டைக்குள்ள என்னதான் வெச்சிருக்கே?"

வெண்டலுக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு சிரிப்பு வந்தது. "நீங்க பாக்காம சொன்னாலும் அது கதிர்தான் அத்தை. நான் பாத்தேன்."

அத்தை அவர் பக்கம் திரும்பினார். கண்ணுக்கு எவ்வளவு தெரிந்ததோ, அவர் முகம் இருக்கும் திசையைச் சரியாகவே பார்த்தார். வெண்டலுடைய அம்மாவின் வீடு பூட்டிக் கிடப்பது அத்தைக்குத் தெரியாதா. அந்தத் தெருவில்தான் அவர் தினமும் நடக்கிறார்.

"பத்து வயசுல முயல் கொண்டுவந்தே. பாதி ரோமம்தான். இப்ப பாறையையே தூக்கிட்டு வந்திருக்கே," என்றார். "மருமகன் குடுத்ததை அத்தை திருப்பித் தரக்கூடாது."

"நான் திருப்பிக் கேக்க வரல."

"தெரியும். பேசாம பீக்கி எடுத்துக்கிட்டுப் போ. கருகினதை எடு, உனக்கு அதான் சரி."

அத்தையே நல்லதாக ஒரு கட்டு எடுத்துத் துணியில் சுற்றிக் கொடுத்தார். விஷயம் அதோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டு வெண்டல் வீட்டுக்கு வந்தார். ஐம்பத்தேழு வயதாகியும் அவருக்குத் தன் அத்தையைத் தெரியவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை இங்க்ரிட் ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு பாதி வழியிலேயே அவரை நிறுத்தினாள்.

"உங்க அத்தை நேத்து ஆபீசுக்கு வந்தாங்க. பேரன் கூட்டிட்டு வந்தார். எழுதிக் குடுத்துட்டுப் போயிருக்காங்க. நீங்களே படிங்க."

பேரன் எழுதி, அத்தை கையெழுத்துப் போட்டிருந்தார். சோளக் குலத்துக்கும் அந்தப் பாறையில் இருக்கும் பதினேழாவது உருவத்துக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. அது நாணல். நாணல் குலத்துடையது. வலது பக்கம் இருப்பது கதிரும் இல்லை, குண்டும் இல்லை, குருவி. நாணலில் குருவி உட்காரும் என்பது எல்லாருக்கும் தெரியும். இதுகூடத் தெரியாதவர்கள் உடனே கண் டாக்டரைப் பார்ப்பது நல்லது.

வெண்டல் இரண்டு தடவை படித்தார். கடைசி வரியை மூன்றாவது தடவையும் படித்தார்.

"எங்களோடது எங்களோடதுன்னு ரெண்டு குலம் சண்டை போட்டா எப்படிப் பேசித் தீர்க்கணும்னு படிப்புல சொல்லிக்குடுத்திருக்காங்க," என்றாள் இங்க்ரிட். "உன்னோடது உன்னோடதுன்னு சண்டை போட்டா என்ன பண்றது?"

"நான் சொன்னது சொன்னதுதான். சோளம்."

"அவங்களும் அப்படித்தான் சொல்றாங்க. உயிரே போனாலும் நாணல்னு."

இங்க்ரிட் இன்னும் ஒரு வாரம் இரண்டு பக்கமும் போன் போட்டுப் பார்த்தாள். இரண்டு பக்கமும் அசையவில்லை. கடைசியில் குலத்தின் பெயரே இல்லாமல் வாசகம் போனது. நேரான தண்டு, இலைகள். இதைக் கொத்தியவர்களின் பிள்ளைகள் இன்றும் இங்கே வந்து போகிறார்கள். அவ்வளவுதான். வேலைக்கு வந்த நாளிலிருந்து அந்தப் பெண் எழுதியதில் இதுதான் உருப்படியானது என்பது என் அபிப்பிராயம்.

பலகையை அக்டோபரில் நட்டார்கள். அதற்குள் பேரன் மூலமாகப் புரை விஷயம் வெளியே வந்து, வீட்டில் பெரிய ரகளை நடந்து, அத்தைக்கு இரண்டு கண்ணிலும் ஆபரேஷன் ஆகியிருந்தது. பலகை நடும் நாளில் பெரிய கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து இறங்கினார். ரொவீனாவும் வந்திருந்தாள்.

"அடியே, நீ இவ்வளவு லட்சணமா இருக்கேன்னு யாரும் சொல்லவே இல்லையே," என்று அவள் முகவாயைப் பிடித்துப் பார்த்தார் அத்தை. "அன்னைக்கே கண்ணு இப்படித் தெரிஞ்சிருந்தா ஒரு வாளி கம்மியா கொண்டுவந்திருப்பேன். இவன்தான் ஏமாத்திட்டான். வண்டி வண்டியா நரைச்சிருக்கு."

பாறைக்கு அடியில் நாற்காலியைப் போட்டு அத்தையை உட்காரவைத்தார்கள். மற்றவர்கள் பலகையைச் சுற்றி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். சாய்ந்த வெயில் பாறைமேல் ஏறி வந்தது. அத்தை கையை நீட்டினார். வெண்டல் தொலைநோக்கியைக் கொடுத்தார்.

அத்தை ரொம்ப நேரம் பார்த்தார். மடியில் இருந்த இடது கையின் விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. எழுபது வருடம் சோளம் உரித்த விரல்கள்.

"என்ன அத்தை தெரியுது?"

அத்தை தொலைநோக்கியை இறக்கினார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அவரை நேராகப் பார்த்தார்.

"குருவிதான். வாலைத் தூக்கிக்கிட்டு எவ்வளவு திமிரா உக்காந்திருக்கு பாரு. இந்த வாயில்லாச் சீவனைப் போய் இருபத்தாறு வருஷமா குண்டுன்னு சொல்லியிருக்கியே, உன்னையெல்லாம் எவன்டா வேலைக்கு வெச்சான்?"

வெண்டல் தொப்பியைக் கழற்றினார். அத்தை மேலே பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். மடியில் அந்த நான்கு விரல்களும் இன்னும் மடங்கியே இருந்தன.